ஹைப்பர்டெக்ஸ்ட்: கேட்டவையும் என் பதில்களும்

ஹைப்பர்டெக்ஸ்ட் என்றால் வெப்சைட்தானே சார்? (பாலிடெக்னிக் மாணவர்)

இல்லை தம்பி, அது வெப்பைவிட மூத்தது. படித்துக்கொண்டிருக்கும் பக்கத்திலேயே ஒரு சொல்லைத் தொட்டு வேறு பக்கத்துக்குத் தாவ முடிந்தால் அது ஹைப்பர்டெக்ஸ்ட். டெட் நெல்சன் 1965-இல் ஒரு கட்டுரையில் இந்தப் பெயரை வெளியிட்டார். 1968 டிசம்பர் 9 அன்று சான் பிரான்சிஸ்கோவில் டக்ளஸ் எங்கல்பார்ட், மவுஸைக் கையில் பிடித்தபடி ஹைப்பர்டெக்ஸ்டை இயக்கியே காட்டிவிட்டார். வெப்பை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ, செர்ன் என்ற ஐரோப்பிய இயற்பியல் ஆய்வகத்தில் அதற்கான தன் திட்டத்தை எழுதியது 1989-இல்தான்.

எச்டிடிபி, எச்டிஎம்எல் இரண்டிலும் முதலில் வரும் "எச்டி" இந்த ஹைப்பர்டெக்ஸ்ட்தானா?

இதேதான். எச்டிஎம்எல் பக்கத்தை எழுதும் மொழி, எச்டிடிபி அதை அனுப்பிப் பெறும் விதிமுறை.

போன வருஷம் கொடுத்த லிங்க் இப்போது 404 (பக்கம் இல்லை) என்று காட்டுகிறது. இதற்குத் தீர்வே இல்லையா? (உள்ளூர் வரலாறு எழுதுபவர்)

வெப்பில் லிங்க் ஒருவழிப் பாதை. நீங்கள் லிங்க் கொடுத்திருப்பது அந்தப் பக்கத்துக்குத் தெரியாது. அது போய்விட்டாலும் உங்களுக்குத் தகவல் வராது. நெல்சன், சானடு என்ற தன் ஹைப்பர்டெக்ஸ்ட் திட்டத்தில், லிங்கின் இரு முனையும் ஒன்றையொன்று அறிந்திருக்க வேண்டும் என்றார். பெர்னர்ஸ்-லீ அந்த நிபந்தனையைக் கைவிட்டார். அதனால்தான் யாரிடமும் அனுமதி கேட்காமல், எந்தப் பதிவேட்டிலும் சேராமல், யாரும் யாருக்கும் லிங்க் கொடுக்க முடிகிறது. வெப் இவ்வளவு பரவியதற்கு அது முக்கியக் காரணம். அவர் செய்தது சரி என்பதே என் கருத்து. ஆனால் தளம் நடத்துகிறவர்களுக்கு ஒரு கடமை இருக்கிறது: முகவரியை மாற்றினால் பழையதிலிருந்து புதியதற்கு 301 ரீடைரக்ட் (பழைய முகவரிக்கு வருபவரைத் தானாகவே புதியதற்கு அனுப்பும் ஏற்பாடு) போடுங்கள். சில நிமிட வேலை. அதைக்கூடச் செய்யாமல் பல வருட உழைப்பைத் தொலைப்பதைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

எங்கள் மேடம் சொல்வதுபோல், லிங்க்கில் "இங்கே கிளிக் செய்யவும்" என்று எழுதலாமா?

வேண்டாம் அம்மா. பார்வையற்றவர்கள் பலர், திரையில் இருப்பதை வாசித்துக்காட்டும் ஸ்கிரீன் ரீடரில் லிங்க்குகளை மட்டும் வரிசையாக எடுத்துக் கேட்பார்கள். "இங்கே, இங்கே, இங்கே" என்று காதில் விழுந்தால் எதைத் திறப்பது? லிங்க் தேர்வு அட்டவணைக்கு என்றால் "தேர்வு அட்டவணை" என்றே எழுதி, அந்தச் சொற்களுக்கு லிங்க் கொடுங்கள்.

தமிழ் விக்கிப்பீடியா லிங்கை வாட்ஸ்அப்பில் ஒட்டினால் சதவீதக் குறியாக நீள்கிறதே?

முகவரியில் அடிப்படை ஆங்கில எழுத்துகள், எண்கள், சில குறிகள் மட்டுமே செல்லும். "தமிழ்" என்பதைக் கணினி த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என 5 குறியீடுகளாக வைத்திருக்கிறது. ஒவ்வொன்றும் 3 பைட் (கணினி தகவலைச் சேமிக்கும் சிறு அலகு). ஒவ்வொரு பைட்டும் சதவீதக் குறியோடு 3 எழுத்தாகும். ஆக, ஒரே சொல்லுக்கு 45 எழுத்து. லிங்க் கெட்டுவிடவில்லை, பயப்படாமல் அனுப்புங்கள். நீளமாக இருக்கிறதே என்று பாதியில் வெட்டினால்தான் திறக்காது.