கிரீன் கார்டு வரிசை: அமெரிக்க காங்கிரஸ் உறுப்பினர் அலுவலகத்திடம் என்ன கேட்பது, எப்படிக் கேட்பது?

அக்கா, அமெரிக்காவில் ஹெச்-1பி வேலை விசாவில் இருக்கிறேன். ஓட்டு இல்லாதவன் போன் போட்டால் யார் மதிப்பார்கள்?

தாராளமாகப் போடுங்கள். மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் குடியுரிமை பார்க்காமல் எல்லோரையும் எண்ணித்தான் மாநிலங்களுக்குப் பிரதிநிதிகள் சபை இடங்களைப் பிரிக்கிறார்கள்; அந்தக் கணக்கில் நீங்களும் உண்டு. பேசும்போது விசா விவரம் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. தொகுதிக்குள் குடியிருக்கிறீர்களா என்பதைத்தான் முதலில் பார்ப்பார்கள். தேர்தல் நிதி விஷயத்தில் மட்டும் கவனம் வேண்டும். கிரீன் கார்டு கைக்கு வரும்வரை வேட்பாளருக்கு ஒரு டாலர்கூடக் கொடுக்காதீர்கள். அது சட்டவிரோதம்.

செனட் நீதித்துறைக் குழுவில் இருக்கும் எல்லோருக்கும் மெயில் அனுப்பினேன். ஒரு பதிலும் இல்லை, ஏன்?

வெளிமாநிலத்துக் கடிதங்களைப் பெரும்பாலான அலுவலகங்கள் ஒதுக்கிவிடும். உங்களுக்கு உள்ளவர்கள் மூன்றே பேர்: உங்கள் தொகுதியின் பிரதிநிதிகள் சபை உறுப்பினர் ஒருவர், உங்கள் மாநிலத்தின் செனட்டர்கள் இருவர். பிரதிநிதிகள் சபையின் இணையதளத்தில் ஜிப் கோடு போட்டால் உறுப்பினர் பெயர் வரும். சில ஜிப் கோடுகள் இரண்டு தொகுதிகளுக்குள் வரும் என்பதால் முழு முகவரியையும் கொடுத்துச் சரிபாருங்கள். கேபிடல் (காங்கிரஸ் கட்டிடம்) சுவிட்ச்போர்டு எண் 202-224-3121. மூவரின் அலுவலகத்துக்கும் இதிலிருந்தே இணைப்புத் தருவார்கள்.

போனில் என்னதான் சொல்வது? பதற்றத்தில் என் கதை முழுவதையும் கொட்டிவிடுகிறேன்.

எடுப்பவர் பெரும்பாலும் இளம் ஊழியர் அல்லது பயிற்சியாளர். பெயர், ஜிப் கோடு, எந்த விஷயம், ஆதரவா எதிர்ப்பா என்பதுதான் அவர் பதிந்துகொள்வது. பத்து நிமிடம் பேசினாலும் பதிவாகப்போவது ஒரு வரி. அந்த வரியை நீங்களே தயார் செய்து கொடுங்கள்:

"என் பெயர் இன்னது, ஜிப் கோடு இன்னது. உங்கள் தொகுதியில் ஒன்பது வருடமாகக் குடியிருக்கிறேன். இந்த எண் மசோதாவில் உறுப்பினர் கோஸ்பான்சராகச் சேர வேண்டும். 2014 பிரையாரிட்டி டேட் வைத்துக்கொண்டு இன்னும் வரிசையில் நிற்கிறேன். குடிவரவு விவகாரம் பார்க்கும் ஸ்டாஃபர் யார், அவருக்கு எப்படி எழுதலாம்?"

ஒரு நிமிடம் போதும். கோஸ்பான்சர் என்றால் மசோதாவை ஆதரித்துக் கையெழுத்திடும் உறுப்பினர், பிரையாரிட்டி டேட் என்றால் வரிசையில் உங்கள் இடத்தைக் குறிக்கும் தேதி, ஸ்டாஃபர் என்றால் அலுவலக ஊழியர். கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். உறுப்பினருக்குக் குறிப்பு எழுதிக் கொடுப்பவர் அந்த ஸ்டாஃபர்தான்.

சொதப்பும் இடங்கள் சில உண்டு. ஹெச்.ஆர். என்று தொடங்கும் மசோதாவில் செனட்டர் கோஸ்பான்சராக முடியாது, அவரிடம் எஸ். என்று தொடங்கும் எண்ணைத்தான் சொல்ல வேண்டும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை காங்கிரஸ் மாறும்போது பழைய மசோதாக்கள் எல்லாம் காலாவதியாகிவிடும், வாட்ஸ்அப்பில் சுற்றும் எண்ணும் அப்படிச் செத்ததாக இருக்கலாம். உறுப்பினர் ஏற்கெனவே கையெழுத்திட்டிருந்தால் நன்றி சொல்லி, வாக்கெடுப்புக்குக் கொண்டுவரத் தலைமையிடம் பேசச் சொல்லுங்கள். இத்தனையையும் காங்கிரஸ்.கவ் (congress.gov) தளத்தில் ஐந்தே நிமிடத்தில் பார்த்துவிடலாம்.

கிரீன் கார்டில் நாட்டு வரம்பை நீக்க 2019-ல் வந்து 365 ஓட்டு வாங்கிய மசோதா ஏன் சட்டமாகவில்லை?

1990-ஆம் வருடச் சட்டம் வேலைவாய்ப்பு வழியில் வருடத்துக்குச் சுமார் 1,40,000 கிரீன் கார்டு என்று வைத்தது. மனைவி, கணவன், பிள்ளைகளும் இதற்குள்தான் அடக்கம். எந்த ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கும் 7 சதவீதத்துக்கு மேல் கிடையாது. மற்றவர்கள் எடுக்காமல் விட்டால்தான் கூடுதலாகக் கிடைக்கும். அதனால்தான் 2025 செப்டம்பரில்கூட இந்தியாவுக்கான இபி-2 (உயர்படிப்பு படித்தவர்களுக்கான பிரிவு) தேதி 2013 ஜனவரி 1-ல் நின்றது, அதாவது அதற்கு முந்தைய பிரையாரிட்டி டேட் உள்ளவர்களுக்குத்தான் முறை வந்திருந்தது.

அந்த நாட்டு வரம்பை நீக்கும் ஹெச்.ஆர். 1044, 2019 ஜூலை 10 அன்று 365-65 என்று பிரதிநிதிகள் சபையில் நிறைவேறியது. செனட் தன் எஸ். 386-ஐ 2020 டிசம்பர் 2-ல்தான் நிறைவேற்றியது. அதில் ஹெச்-1பி கட்டுப்பாடுகள், சீனக் கம்யூனிஸ்ட் கட்சியோடு தொடர்புள்ளவர்களுக்குத் தடை என்று புதிய பிரிவுகள் ஏறியிருந்தன. இரண்டு சபையும் ஒரே வாசகத்தை நிறைவேற்றினால்தான் சட்டம். ஒத்துப்போக ஒரே மாதம் இருந்தது. 2021 ஜனவரி 3-ல் அந்த காங்கிரஸ் முடிந்தது, மசோதாவும் போயிற்று.

எதிர்த்தவர்கள் எல்லோரையும் வெறுப்பாளர்கள் என்று ஒதுக்காதீர்கள். மொத்த எண்ணிக்கையைக் கூட்டாமல் வரம்பை மட்டும் எடுத்தால் பிற நாட்டு நர்சுகளும் ஆராய்ச்சியாளர்களும் கூடுதல் காலம் காத்திருக்க வேண்டிவரும் என்பது நியாயமான வாதம். எண்ணிக்கையையும் சேர்த்துக் கூட்டச் சொல்லுங்கள். அதுவே சரியான கோரிக்கை என்பது என் உறுதியான கருத்து.

என் ஐ-485 (கிரீன் கார்டுக்கான கடைசி விண்ணப்பம்) மாதக்கணக்கில் அசையவில்லை. இதற்கும் இதே நம்பரா?

இல்லை. இது கேஸ்வொர்க், அதாவது தனிநபர் மனுவுக்கான உதவி; வாஷிங்டனை விட்டுவிட்டு உள்ளூர் தொகுதி அலுவலகத்துக்குப் போங்கள். பிரைவசி ரிலீஸ் படிவத்தில் (உங்கள் விவரம் பெற அனுமதி) நீங்கள் கையெழுத்திட்டால்தான் அவர்கள் குடிவரவுத் துறையான யுஎஸ்சிஐஎஸ்ஸிடம் விசாரிக்க முடியும். ரசீது எண்ணும் ஏ-நம்பரும் (குடிவரவுத் துறை உங்களுக்குத் தரும் எண்) இருந்தால் எழுதுங்கள். அறிவித்த செயலாக்கக் காலத்தை உங்கள் மனு தாண்டிவிட்டதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் உங்கள் தேதியே கரண்ட் ஆகவில்லை, அதாவது முறை வரவில்லை என்றால் எந்த அலுவலகமும் வரிசையைத் தாண்டி விட முடியாது.

மகளுக்கு 19 வயது. 21 ஆனால் என்ன ஆகும்?

உங்கள் மனுவில் சேர்ந்திருக்கும் தகுதி போய்விடும், ஹெச்-4 (ஹெச்-1பிக்காரரின் குடும்பத்துக்கான விசா) நிலையும் முடிந்துவிடும். 2002-ஆம் வருடச் சட்டப்படி ஐ-140 (உங்களுக்காக நிறுவனம் போடும் மனு) நிலுவையில் இருந்த நாட்களை வயதிலிருந்து கழிக்கலாம். கூடுதல் கட்டணம் கட்டிப் பிரீமியத்தில் சீக்கிரம் ஒப்புதல் வாங்கியிருந்தால் கழிக்க நாளே இருக்காது. எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாற்றுவது பற்றி இப்போதே வழக்கறிஞரைப் பாருங்கள். இந்தப் பிள்ளைகளுக்காக 2021 முதல் 'அமெரிக்காஸ் சில்ட்ரன் ஆக்ட்' என்ற பெயரில் மசோதாக்கள் வந்திருக்கின்றன. இரு கட்சியினரும் கையெழுத்திட்டவை, எந்தக் கட்சி அலுவலகத்திலும் தயங்காமல் கேட்கலாம். உங்கள் மகளையே பேச வையுங்கள். இங்கேயே படித்து வளர்ந்த பிள்ளை பேசினால் நின்று கேட்பார்கள்.

கையால் எழுதித் தபாலில் அனுப்பட்டுமா?

வாஷிங்டனுக்கு வேண்டாம். 2001 ஆந்த்ராக்ஸ் சம்பவத்துக்குப் பின் எல்லாத் தபாலும் சோதனைக்குப் போய்த்தான் வருகிறது, வாரக்கணக்கில் தாமதமாகும். கையெழுத்துக் கடிதத்தைத் தொகுதி அலுவலகத்தில் நேரில் கொடுங்கள். ஆகஸ்டில் சபைக்கு விடுமுறை, உறுப்பினர் ஊரில் இருப்பார். சந்திக்க நேரம் ஜூனிலேயே கேட்டு வையுங்கள்.