ஒரே சனிக்கிழமை: கோவை முகாமா, ஊட்டிப் பயிலரங்கமா?

தம்பி, கோத்தகிரியில் பி.காம் கடைசி வருஷம், ஒரு அரியர், கோவை வேலைவாய்ப்பு முகாமும் ஊட்டியில் டேலி (கணக்கு எழுதும் மென்பொருள்) பயிலரங்கமும் ஒரே நாளில் என்று கேட்டிருந்தீர்கள். முகாமுக்கே போங்கள். டேலியை நீங்களாகவே பழகிக்கொள்ளலாம், அதன் எஜுகேஷனல் மோடு (படிப்பவர்கள் பழகுவதற்கானது) இலவசம். மாதத்தின் 1, 2, 31 தேதிகளில் மட்டும்தான் வவுச்சர் (வரவு செலவுப் பதிவு) போட முடியும், பழக அது போதும்.

அரியர் விஷயத்தில் அறிவிப்பை நிதானமாகப் படியுங்கள். 'இப்போது நிலுவை இருக்கக் கூடாது' என்பது வேறு, 'இதுவரை அரியரே வைத்திருக்கக் கூடாது' என்பது வேறு. முதல் வகையில், சேர்வதற்குள் முடித்தால் போதும் என்று ஒத்துக்கொள்ளும் கம்பெனிகளும் உண்டு. கேட்டால் பேப்பர் பெயர், அடுத்து எழுதப்போகும் மாதம் இரண்டையும் சொல்லிவிடுங்கள். மறைத்தால், வந்த ஆஃபரும் சான்றிதழ் சரிபார்ப்பில் போய்விடும்.

ரெஸ்யூமில் பெயர் பத்தாவது மார்க் ஷீட்டில் உள்ளபடியே இருக்கட்டும். ஆதாரில் இன்ஷியலுக்குப் பதில் அப்பா பெயர் முழுசாக இருந்தால் பிறகு இழுபறிதான். இப்போதே திருத்தக் கொடுங்கள். ஒரு பக்க ரெஸ்யூம் ஆறு காப்பி, எல்லா செமஸ்டர் மார்க் ஷீட்டும் நாலு செட் ஜெராக்ஸ், கோத்தகிரியிலேயே எடுத்துவிடுங்கள். முகாம் வாசலில் கூட்டம் நெரியும்.

குன்னூர் சுற்ற வேண்டாம், நேராக மேட்டுப்பாளையம் இறங்குங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் மண் சரிந்தால் ரோடே அடைபடும், அப்போது வெள்ளி மாலையே இறங்கிவிடுவது உத்தமம். ஸ்வெட்டர் பைக்குள் போகட்டும். பதிவுக் கட்டணம், டெபாசிட் என்று காசு கேட்கும் மேசையில் உட்காரவே உட்காராதீர்கள்.