ஆறாத சர்க்கரைப் புண்: நொதிக் களிம்பா, பப்பாளிப் பாலா?

கேள்வி: என் தந்தைக்கு 64 வயது. 15 ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் இருக்கிறது. வலது உள்ளங்காலில், பெருவிரலுக்குக் கீழே வந்த புண் இரண்டு மாதமாகியும் ஆறவில்லை; மேலே மஞ்சளாகப் படர்ந்திருக்கிறது. ஒரு மருத்துவர், புண்ணில் புரதத்தை அரிக்கும் நொதிகள் அதிகமாகிவிட்டன என்கிறார். இன்னொருவர் கொலாஜினேஸ் என்ற நொதி கலந்த களிம்பையே எழுதித் தருகிறார். மருந்துக் கடையில் ட்ரிப்சின் மாத்திரை கொடுத்தார்கள். உறவினர்களோ பப்பாளிப் பால் தடவச் சொல்கிறார்கள். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: இரண்டு மருத்துவர்கள் சொன்னதும் சரிதான். ஒருவர் புண்ணின் உயிருள்ள சதையில் நடப்பதைச் சொல்கிறார்; மற்றவர் அதன்மேல் படிந்திருக்கும் இறந்த சதையை அகற்ற மருந்து தருகிறார். இரண்டு இடத்திலும் புரதம் வெட்டும் நொதிகளே வேலை செய்வதால்தான் குழப்பம் வருகிறது.

இந்த நொதிகள் இல்லாமல் தோல் ஒரு நாள்கூடச் சரியாக இயங்காது. மேல்தோலின் இறந்த செல்களைப் பிணைத்திருக்கும் புரத முடிச்சுகளைக் கல்லிக்ரீன் என்னும் நொதிகள் அறுத்துவிடுவதால்தான் அவை நம் கண்ணுக்குத் தெரியாமல் உதிர்கின்றன. அடித்தோலில் வேலை இன்னும் கடினம். அங்கே வலுவைத் தரும் கொலாஜன் என்னும் புரதம், மூன்று பிரி சேர்த்து முறுக்கிய கயிறு போன்றது. வழக்கமான செரிமான நொதிகளால் அந்த முறுக்கை எளிதில் வெட்ட முடியாது. அதை வெட்டும் நொதியை 1962-இல் ஜெரோம் கிராஸ், சார்ல்ஸ் லாப்பியேர் ஆகிய இருவர் கண்டுபிடித்த இடம் தலைப்பிரட்டையின் வால். தவளையாக மாறும்போது அந்த வால் கரைந்து மறைவதற்கு அந்த நொதியே காரணம். துத்தநாகத்தைத் தன் மையத்தில் வைத்திருக்கும் அந்தக் குடும்பத்துக்கு இன்று எம்.எம்.பி. நொதிகள் என்று பெயர்.

காயம் பட்டதும் இவை பெருகி, சேதமடைந்த இழைகளை அகற்றி, புண்ணின் விளிம்பிலுள்ள புதிய தோல் செல்கள் உள்நோக்கி நகர வழி வெட்டிக் கொடுக்கின்றன. வேலை முடிந்ததும் திசுவிலேயே உள்ள தடுப்புப் புரதங்கள் அவற்றை அடக்கிவிட வேண்டும். உங்கள் தந்தையின் காலில் நடக்காமல் போனது இந்த இரண்டாவது கட்டம். நீண்ட நாள் சர்க்கரை நோயால் உணர்ச்சி குறைந்த காலால் அவர் எடுத்து வைக்கும் ஒவ்வோர் அடியும் புண்ணை மறுபடி நசுக்க, அழற்சி அடங்காமல் வெள்ளணுக்கள் வந்து குவிய, அவை உமிழும் எலாஸ்டேஸ் என்ற நொதியும் எம்.எம்.பி.களும் அன்று உருவான கொலாஜனை அன்றே அறுத்துப் போடுகின்றன. திசுவை வளரச் செய்யும் வளர்ச்சிக் காரணிகளும் புரதங்களே என்பதால் அவையும் தப்புவதில்லை. புண்ணில் கிருமிகள் இருந்தால் அவை தம் பங்குக்கு வேறு நொதிகளைச் சுரக்கும்.

இனி அந்த மஞ்சள் படலம். பலர் அதைச் சீழ் என்று நினைக்கிறார்கள்; பஞ்சால் துடைத்தால் சீழ் வந்துவிடும், இது வராது. பாலாடை போலத் தோன்றினாலும் அடியில் கொலாஜன் இழைகளால் வேரூன்றியிருக்கும் இறந்த திசு இது. இது கிடக்கும்வரை அழற்சி தணியாது. அறுவை மருத்துவர் கத்தியால் சுரண்டி எடுப்பதே விரைவான வழி. அது இயலாத இடத்தில் கொலாஜினேஸ் களிம்பு அந்த வேர் இழைகளை அறுத்துப் படலத்தைச் சில வாரங்களில் கழலச் செய்கிறது. நாளுக்கு ஒரு முறை, சலைன் நீரால் கழுவிய பிறகு, மஞ்சள் பகுதியின் மீது மட்டும் மெல்லிய அடுக்காகத் தடவுங்கள். வெள்ளி கலந்த களிம்பையோ டிரெஸ்ஸிங்கையோ இதனுடன் சேர்க்காதீர்கள். வெள்ளி இந்த நொதியைச் செயலிழக்கச் செய்துவிடும். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தடவிவிட்டு மருந்து வேலை செய்யவில்லை என்று வருந்துபவர்கள் உண்டு. அடியில் சிவந்த, சிறு மணிகள் போன்ற புதுச் சதை முழுவதுமாகத் தெரிந்ததும் களிம்பின் வேலை முடிந்தது, நிறுத்திவிட வேண்டும்.

படலம் போன பிறகு, மிகையான நொதிகளை அடக்கும் டிரெஸ்ஸிங் பயன்படலாம். அப்படி நொதிகளை அடக்கும் சுக்ரோஸ் ஆக்டாசல்ஃபேட் என்ற வேதிப்பொருள் கலந்த ஒரு டிரெஸ்ஸிங்கை, நரம்புப் பாதிப்போடு இரத்த ஓட்டக் குறைவும் உள்ள பாதப் புண்களில் சோதித்து 2018-இல் வெளியான ஆய்வில், 20 வாரங்களில் 48 விழுக்காட்டினருக்குப் புண் மூடியது; சாதாரண டிரெஸ்ஸிங் போட்டவர்களில் அது 30 விழுக்காடு. விலை அதிகம். எல்லாருக்கும் தேவையுமில்லை.

பப்பாளிப் பால் வேண்டாம். உறவினர்கள் சொல்வதில் அறிவியலே இல்லை என்று நான் சொல்லவில்லை. முற்றிய ஆட்டுக்கறி வேகாதபோது இரண்டு துண்டு பப்பாளிக்காயைப் போடுகிறோமே, அங்கே கறியை மெதுவாக்குவது பப்பைன் என்னும் புரதம் வெட்டும் நொதிதான். ஆனால் அது கண்ட புரதத்தையெல்லாம் வெட்டும். காயைக் கீறும்போது கையில் வழியும் பாலைக் கழுவாமல் விட்டால் நல்ல தோலே எரிந்து சிவந்துவிடுகிறது. எரிச்சலை உணராத ஒரு காலில், அளவு தெரியாத, கிருமி நீக்காத அந்தப் பாலை ஊற்றினால் என்ன நடக்கிறது என்பதை உங்கள் தந்தையால் சொல்லக்கூட முடியாது. ஒவ்வாமையும் உண்டு, குறிப்பாக ரப்பர் கையுறை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2008-இல், அனுமதி பெறாமல் விற்கப்பட்ட பப்பைன் களிம்புகளை நிறுத்தச் சொன்னதற்குக் கடும் ஒவ்வாமை விளைவுகளே முக்கியக் காரணம். நம் நாட்டில் பப்பைன், யூரியா கலந்த களிம்பு கிடைக்கிறது. மருத்துவர் எழுதிக் கொடுத்தால் மட்டும் பயன்படுத்துங்கள்.

ட்ரிப்சின், கைமோட்ரிப்சின் மாத்திரை அடிபட்ட வீக்கத்துக்காகப் பரவலாகக் கொடுக்கப்படுவது. சர்க்கரைப் புண்ணை அது ஆற்றும் என்பதற்கு வலுவான சான்று இல்லை. இரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவர் என்றால், மருத்துவரைக் கேட்காமல் அதைத் தொடங்கவே வேண்டாம்.

நீங்கள் கேட்காத ஒன்றுதான் இதில் முக்கியம்: அவர் அந்தக் காலை ஊன்றி நடக்கிறாரா? நடக்கிறார் என்றால் எந்தக் களிம்பும் பலிக்காது, ஏனெனில் நொதிகளைப் பெருக்கும் மூல காரணம் தினமும் நூற்றுக்கணக்கான முறை நடந்துகொண்டிருக்கிறது. புண்மீது எடை விழாதபடி முழங்காலுக்குக் கீழே பாதத்தோடு ஒட்டிப் போடும் மாவுக்கட்டோ, அதற்கென உள்ள காலணியோ தேவை. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் உள்ளங்கால் புண்களை ஆற்றியது இத்தகைய மாவுக்கட்டால்தான். 1960-களில் அவர் அமெரிக்கா சென்ற பிறகு இந்த முறை அங்கே சர்க்கரை நோயாளிகளுக்கும் பரவியது. ஆனால் கட்டுப் போடுமுன் காலின் இரத்த ஓட்டத்தைச் சோதித்தாக வேண்டும். ஓட்டம் குறைந்த காலில் காய்ந்து கறுத்து இறுகிய பொருக்கு இருந்தால் அதை நொதியாலோ கத்தியாலோ தொடாமல் விடுவதே வழக்கம். முதலில் இரத்தக் குழாய் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

சுற்றிலும் சிவப்பு பரவினாலோ, துர்நாற்றமோ காய்ச்சலோ வந்தாலோ அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். மற்றபடி வாரம் ஒரு முறை, புண்ணின் அருகில் ஓர் அளவுகோலை வைத்துப் படம் எடுத்து வையுங்கள். நான்கு வாரத்தில் புண்ணின் பரப்பு பாதியாகக்கூடக் குறையவில்லை என்றால், அந்தப் படங்களுடன் மருத்துவரிடம் சென்று சிகிச்சையை மாற்றச் சொல்லிக் கேளுங்கள்.