ஊசி போடத் தெரிந்தவர் சட்டம் போடலாமா?

வணக்கம்.

நான் டெக்சஸில், டாலஸ் பக்கம் குடியிருக்கிறேன். எங்கள் தொகுதியில் மாநிலச் சட்டமன்றத்துக்கு ஒரு நர்ஸ் நிற்கிறார். போன வாரம் வீட்டுக்கே வந்து துண்டறிக்கை கொடுத்தார். அதில் மூன்று வாக்குறுதிகள்: ஏழைகளுக்கான மெடிகெய்ட் காப்பீட்டை விரிவாக்குவது, ஆஸ்பத்திரி ஊழியர்களை யாரும் தாக்காமல் பாதுகாப்பது, ஒரு நர்ஸுக்கு இத்தனை நோயாளிகள்தான் என்று சட்டம் கொண்டுவருவது.

"ஊசி போடத் தெரிந்தவருக்குச் சட்டம் போடத் தெரியுமா? நர்ஸ் என்ற அனுதாபத்தில் ஓட்டு வாங்கப் பார்க்கிறார்" என்கிறார் என் நண்பர். எனக்கு ஓட்டு இல்லை, கிரீன் கார்டுதான். மனைவிக்கு உண்டு. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

ர.

அன்புள்ள ர.,

உங்கள் நண்பர் இதை வேறு எந்த ஊரில் இருந்து கேட்டிருந்தாலும் சரி என்று விட்டிருப்பேன். டாலஸில் உட்கார்ந்துகொண்டு கேட்கிறாரே!

எடி பெர்னிஸ் ஜான்சன் அந்த ஊர் நர்ஸ். முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனையில் மனநலப் பிரிவின் தலைமை நர்ஸாக இருந்தவர். ஆளைப் பார்க்காமலே வேலை கொடுத்துவிட்டார்கள். வந்து நின்ற பிறகுதான் கறுப்பினப் பெண் என்று தெரிந்தது. தருவதாகச் சொன்ன தங்குமிடத்தை மறுத்துவிட்டார்கள். நோயாளியின் அறைக்கு இவர் போவதற்கு முன்னால் மேலதிகாரி போய், வருகிறவர் தகுதியுள்ளவர்தான் என்று சொல்லிவைப்பாராம். பின்னாளில் அவரே பேட்டிகளில் சொன்னது இது. 1972ல் டெக்சஸ் கீழவைக்கு நின்றார். மத்திய அரசு ஊழியர் கட்சி வேட்பாளராக நிற்கச் சட்டம் இடம் தராது. வேலையை விட்டுவிட்டுத்தான் நின்றார், ஜெயித்தார். அங்கே தொழிலாளர் கமிட்டிக்குத் தலைவரானார். 1986ல் மாநில மேலவை, 1992ல் வாஷிங்டன். அமெரிக்க நாடாளுமன்றத்துக்குத் தேர்வான முதல் பதிவுபெற்ற நர்ஸ் அவர்தான். 30 வருடம் அங்கே இருந்தார். கடைசி நான்கு வருடம் அறிவியல் கமிட்டியின் தலைவர். சட்டம் போடத் தெரியுமா என்ற கேள்விக்கு இது போதும்.

நர்ஸுக்குச் சட்டம் எதற்கு என்று கேட்டால், அதற்கும் டெக்சஸிலேயே ஒரு கதை உண்டு. 2009ல் கெர்மிட் என்ற சின்ன ஊரில் இரண்டு நர்சுகள், தங்கள் மருத்துவமனை டாக்டர் ஒருவரின் சிகிச்சை முறைகள் ஆபத்தானவை என்று மாநில மருத்துவ வாரியத்துக்குப் பெயர் போடாமல் புகார் எழுதினார்கள். அந்த வட்டாரத்துப் போலீஸ் தலைவரான ஷெரீஃப் அந்த டாக்டரின் நண்பர். யார் எழுதியது என்று அவரே துப்புத் துலக்கினார். இருவருக்கும் வேலை போயிற்று. அதோடு விட்டார்களா? அரசுத் தகவலைத் தவறாகப் பயன்படுத்தியதாகக் குற்ற வழக்கும் போட்டார்கள், பத்து வருடம் வரை சிறை கிடைக்கக்கூடிய வழக்கு. ஒருவர் மீதான வழக்கை விசாரணைக்கு முன்பே கைவிட்டார்கள். இன்னொருவரை 2010 பிப்ரவரியில் ஜூரிகள் ஒரு மணி நேரத்துக்குள் விடுதலை செய்தார்கள். பிறகு ஷெரீஃப்தான் தண்டனை பெற்றார். 2011ல் டெக்சஸ் சட்டமன்றம், புகார் செய்யும் நர்சுகளுக்கான பாதுகாப்பைச் சட்டத்திலேயே பலப்படுத்தியது. நோயாளிக்காக வாய் திறந்தால் என்ன ஆகும் என்பது வார்டில் நிற்கிறவருக்குத்தான் முதலில் தெரியும்.

ஆனால் நர்ஸ் என்பதாலேயே ஓட்டுப் போட்டுவிடலாம் என்று நான் சொல்லமாட்டேன். டோனா ஹவர்ட், ஸ்டெஃபனி க்ளிக் இருவரும் டெக்சஸ் கீழவையில் பல வருடம் ஒன்றாக இருந்த நர்சுகள். முதலாமவர் ஜனநாயகக் கட்சி, இரண்டாமவர் குடியரசுக் கட்சி. கருக்கலைப்பு விஷயத்தில் இருவருக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. வலிப்பு நோயாளிகளுக்குக் கஞ்சாச் செடியிலிருந்து எடுக்கும் மருந்தை அனுமதித்த 2015 சட்டத்தைக் கீழவையில் முன்னின்று நடத்தியவர் க்ளிக், அந்தப் பழமைவாதி. எந்தக் கட்சிப் பெட்டிக்குள்ளும் முழுசாக அடங்காத இடம் ஒன்று இருவரிடமும் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

சரி, துண்டறிக்கைக்கு வருவோம். ஊழியர் பாதுகாப்பை எதிர்க்க ஆளே கிடையாது. 2023லேயே மருத்துவமனைகள் அதற்குத் திட்டம் வைத்திருக்க வேண்டும் என்று டெக்சஸ் சட்டம் போட்டாயிற்று. மெடிகெய்ட் விரிவாக்கம் நல்ல காரியம். காப்பீடு இல்லாதவர் விகிதத்தில் டெக்சஸ்தான் நாட்டிலேயே மோசம். ஆனால் விரிவாக்கம் மாநிலங்களின் விருப்பம் என்று உச்ச நீதிமன்றம் 2012ல் சொன்னதிலிருந்து அங்கே பெரும்பான்மைக் கட்சி அசையவில்லை. பிரசவமான பெண்களுக்கு ஒரு வருடம் வரை நீட்டியதே 2023ல்தான். 150 பேர் உள்ள அவையில் ஒரு புதுமுகம் அதை உடைத்துவிட முடியாது. அது அவருடைய குறை இல்லை.

ஆளை அளக்க வேண்டியது மூன்றாவதில். கலிஃபோர்னியா 1999ல் சட்டம் போட்டு 2004ல் அமலாக்கியது: ஐசியுவில் ஒரு நர்ஸுக்கு இரண்டு நோயாளிகள், பொது வார்டில் இப்போது ஐந்து. டெக்சஸ் 2009ல் கட்டாய ஓவர்டைமைத் தடை செய்தது, ஆட்கணக்கைப் பார்க்க ஒவ்வொரு மருத்துவமனையிலும் கமிட்டி வைக்கச் சொன்னது, ஆனால் எண்ணை மட்டும் எழுதவில்லை. எண் வந்தால் செலவு வரும், மருத்துவமனைகள் சண்டைக்கு வரும். மாசசூசெட்ஸில் 2018ல் இதை மக்கள் ஓட்டுக்கே விட்டார்கள். நர்சுகளின் தொழிற்சங்கம் ஆதரித்தது, நர்சுகளின் இன்னொரு அமைப்பே எதிர்த்தது, மருத்துவமனைகள் பணத்தைக் கொட்டின. பத்தில் ஏழு பேர் வேண்டாம் என்றார்கள். சின்ன ஊர் மருத்துவமனை ஆள் கிடைக்காமல் வார்டை மூடும் என்ற வாதம் வெறும் மிரட்டல் அல்ல. டெக்சஸ் கிராமங்களுக்கு அது நிஜமான பயம். அதற்கு உங்கள் வேட்பாளர் என்ன பதில் வைத்திருக்கிறார், எண்ணைச் சட்டத்தில் எழுதுவாரா, கமிட்டியே போதும் என்று பின்னால் இறங்கிவருவாரா என்று கேளுங்கள்.

இன்னொன்று. டெக்சஸ் சட்டமன்ற உறுப்பினருக்குச் சம்பளம் மாதம் 600 டாலர், கூட்டத்தொடர் நாட்களுக்குப் படி தனி. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை 140 நாள் மாநிலத் தலைநகர் ஆஸ்டினில் உட்கார வேண்டும். வக்கீலுக்கும் தொழிலதிபருக்கும் அது பெரிய விஷயமில்லை. ஷிப்ட் பார்த்துச் சம்பாதிக்கிறவர் எப்படிச் சமாளிக்கப்போகிறார் என்பதையும் விசாரியுங்கள். அனுதாபத்துக்காக நிற்கிறவர் என்ற சந்தேகம் உங்கள் நண்பருக்கு அப்போது தீர்ந்துவிடலாம்.

உங்களுக்கு ஓட்டு இல்லாததை ஒரு குறையாக எழுதியிருக்கிறீர்கள். கிரீன் கார்டு உள்ளவர் அமெரிக்கச் சட்டப்படி வேட்பாளருக்கு நன்கொடையே தரலாம், பிரசாரத்தில் கூடப் போகலாம். கேள்வி கேட்கவா முடியாது?