மீனுக்குத் தீவனத்தைப் பல வேளையாகப் பிரித்துக் கொடுத்தால் வேகமாக வளருமா?

ஒரே அளவு தீவனத்தை இரண்டு வேளைக்குப் பதிலாக ஐந்து வேளையாகக் கொடுத்தால் வளர்ச்சி கூடுமா என்பது கேள்வி. ஓரளவு வரை கூடும், அதற்கு மேல் பலன் இல்லை. அந்த எல்லை பெரும்பாலும் மீனின் வயிற்றைப் பொறுத்தது.

கெண்டை இனங்களுக்கு இரைப்பையே கிடையாது. தின்றது நேராகக் குடலுக்குப் போய்விடும், சேர்த்து வைக்க இடமில்லை. அதனால் கொஞ்சம் கொஞ்சமாகப் பல முறை கொடுப்பது அவற்றுக்கு ஒத்துப்போகும். விரால் போன்ற ஊனுண்ணிகளுக்கு இரைப்பை உண்டு. வளர்ந்த மீனுக்கு ஒன்றிரண்டு வேளையே போதும். குஞ்சுகளுக்கு, எந்த இனமானாலும், அடிக்கடி கொடுக்கத்தான் வேண்டும். வயிறு சிறியது, எடைக்கு ஆற்றல் செலவோ அதிகம்.

சரி, உடலுக்குள் என்ன நடக்கிறது? தின்றபின் செரிமானத்துக்கும் புதிய புரதம் கட்டவும் மீனுக்குக் கூடுதல் ஆக்சிஜன் தேவைப்படுகிறது. சில மணி நேரத்தில் அம்மோனியா வெளியேற்றமும் உச்சத்தைத் தொடும். மொத்தத்தையும் ஒரே வேளையில் கொட்டினால் இந்த இரண்டும் ஒன்றாக ஏறி, நெருக்கமாக மீன் விட்ட குளத்தில் ஆபத்தாகிவிடும். பிரித்துக் கொடுத்தால் ஏற்றம் தணியும்.

ஆனால் முந்தையது செரிக்கும் முன்பே அடுத்ததைத் திணித்தால் தீவனம் குடலை வேகமாகக் கடந்துவிடும். சத்து முழுதாகச் சேராது, தீவனச் செலவுதான் ஏறும்.

வேளைகளின் எண்ணிக்கையைவிட நேரத்தை நான் முக்கியமாக நினைக்கிறேன். குளத்தில் விடியற்காலையில்தான் ஆக்சிஜன் மிகக் குறைவு. வெயில் ஏறிய பிறகே முதல் வேளையைக் கொடுங்கள். அப்புறம், தண்ணீர் குளிர்ந்தால் செரிமானமும் மந்தமாகும், அப்போது வேளைகளைக் குறைத்துவிடுங்கள்.