‘நாங்கள்’ என்று எழுதுவதை நிறுத்துங்கள்: ஐ.நா. வேலை தேடும் வாசகிக்கு

கேள்வி: திண்டுக்கல் மாவட்டத்தில் ஒரு தொண்டு நிறுவனத்தில் 8 வருடமாக வேலை பார்க்கிறேன். எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுகலை) முடித்திருக்கிறேன். நூற்பாலை வேலைக்குப் போன பெண் பிள்ளைகளைத் திரும்பப் பள்ளியில் சேர்ப்பதுதான் என் வேலை. ஐ.நா. அமைப்புகளுக்கு இதுவரை 11 முறை விண்ணப்பித்தும் ஒரு நேர்முகத்துக்குக் கூட அழைப்பு வரவில்லை. சிபாரிசு இருந்தால்தான் நடக்குமா? என் ஆங்கிலம் போதவில்லையா? ஒரு ஏஜென்ட் பணம் கட்டினால் ஏற்பாடு செய்வதாகச் சொல்கிறார். கட்டலாமா?

பதில்: நீங்கள் அனுப்பிய விண்ணப்பக் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். ஆங்கிலம் நன்றாகவே இருக்கிறது, அந்தக் கவலையை விடுங்கள். ஆனால் இரண்டு பக்கக் கடிதத்தில் ‘நாங்கள்’, ‘எங்கள் நிறுவனம்’ என்று 19 இடங்களில் எழுதியிருக்கிறீர்கள். ‘நான்’ இரண்டே இடத்தில் வருகிறது. கோளாறு அங்கேதான்.

நம்மை வளர்த்த விதம் அப்படி. நாலு பேர் சேர்ந்து செய்த வேலையை ‘நான் செய்தேன்’ என்று சொல்ல வாய் கூசும். அது நல்ல குணம்தான். ஆனால் விண்ணப்பங்களைச் சலிக்கும் குழுவில் நான் சில வருடங்கள் உட்கார்ந்திருக்கிறேன். ஒரு பக்கம் விளம்பரத்தில் கேட்ட தகுதிகள், மறுபக்கம் உங்கள் விண்ணப்பம். ஒவ்வொரு தகுதிக்கும் ‘இதை இவர் செய்திருக்கிறாரா?’ என்று பார்த்து டிக் போடுவார்கள். ‘நாங்கள் செய்தோம்’ என்ற வரியை வைத்து எதற்கும் டிக் போட முடியாது. நீங்கள் முன்நின்று செய்தீர்களா, கூட இருந்தீர்களா என்று அதில் தெரியாது. எத்தனையோ நல்ல களப்பணியாளர்களை இதே காரணத்துக்காக ஒதுக்கி வைத்ததைப் பார்த்து மனம் வெந்திருக்கிறேன்.

உங்கள் வரியையே எடுத்துக்கொள்வோம்: ‘எங்கள் நிறுவனம் வேடசந்தூர் வட்டாரத்தில் விழிப்புணர்வுப் பணிகளை மேற்கொண்டதில் பல குழந்தைகள் பயனடைந்தனர்.’ ஆனால் எனக்கு எழுதிய மின்னஞ்சலில், போகிற போக்கில் வேறொன்றைச் சொல்லியிருக்கிறீர்கள். அதைத்தான் கடிதத்தில் எழுதியிருக்க வேண்டும். இப்படி:

‘2022 ஜூன் முதல் 2024 மே வரை, வேடசந்தூர் வட்டாரத்தில் 6 அரசுப் பள்ளிகளின் தலைமையாசிரியர்களை நேரில் சந்தித்துப் பேசினேன். மாற்றுச் சான்றிதழ் வரவில்லை என்று சேர்க்கத் தயங்கிய இடங்களில், 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 5ஆம் பிரிவைக் காட்டி, அதைக் காரணமாகச் சொல்லி மறுக்க முடியாது என்று விளக்கினேன். 14 வயதுக்கு உட்பட்ட 43 பேரைச் சேர்த்தேன். ஒரு வருடம் கழித்துப் போய்ப் பார்த்தபோது 37 பேர் படித்துக்கொண்டிருந்தார்கள்.’

இரண்டையும் படித்துப் பாருங்கள். என்ன சிக்கல், நீங்கள் என்ன செய்தீர்கள், என்ன நடந்தது, மூன்றும் இதில் இருக்கிறது. அந்த 43-ஐ விட 37-தான் என் கண்ணில் பட்டது. சேர்த்ததோடு விடாமல் திரும்பப் போய்ப் பார்த்திருக்கிறீர்களே, அந்த ஒரு எண் உங்களை யாரென்று சொல்லிவிடும். இந்த மாதிரி நாலைந்து சம்பவங்களை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நேர்முகத்திலும் ‘இப்படி ஒரு சூழலில் நீங்கள் என்ன செய்தீர்கள்?’ என்றுதான் கேட்பார்கள். ஒன்று மட்டும் கவனம்: பிள்ளைகளின் பெயர், அடையாளம் தெரிகிற மாதிரி எதையும் எழுதிவிடாதீர்கள். குழந்தைகளுக்கான அமைப்புகளில் அது பெரிய தவறு.

அடுத்தது, எந்த வேலைக்குப் போடுகிறீர்கள் என்பது. உங்கள் 11-ல் 7 விண்ணப்பங்கள் நியூயார்க், ஜெனீவா பி-4 பதவிகளுக்குப் போயிருக்கின்றன. ‘பி’ என்பது சர்வதேச அலுவலர் பதவிகளின் படிநிலை, எண் கூடக் கூடப் பதவி உயரும். முதுகலைப் பட்டத்தோடு பி-3க்குப் பொதுவாக 5 வருட அனுபவம் கேட்பார்கள், பி-4க்கு 7. வருடக் கணக்கு உங்களுக்குச் சரியாக இருக்கிறது. ஆனால் அங்கே போட்டி உலகம் முழுவதிலிருந்தும் வரும். பல நாடுகளில் வேலை பார்த்தவர்கள், பிரெஞ்சும் தெரிந்தவர்கள் எல்லாம் வரிசையில் நிற்பார்கள். என்ஓ என்று தொடங்கும் தேசிய அலுவலர் பதவிகளைப் பாருங்கள். இந்தியாவில் உள்ளவற்றுக்கு இந்தியக் குடிமக்கள் மட்டும்தான் விண்ணப்பிக்க முடியும். தமிழும் கள அனுபவமும் அங்கேதான் எடுபடும். யுனிசெஃபுக்குச் சென்னையில் அலுவலகம் இருக்கிறது. குழந்தைத் தொழிலாளர் விஷயத்தில் சர்வதேச தொழிலாளர் அமைப்பின் டெல்லி அலுவலக அறிவிப்புகளையும் பார்த்துவாருங்கள்.

விளம்பரத்தில் ‘கட்டாயம்’, ‘இருந்தால் நல்லது’ என்று தகுதிகளைப் பிரித்துப் போட்டிருப்பார்கள். கட்டாயப் பகுதியில் ஒன்று குறைந்தாலும் கதவு மூடிவிடும், ஆகவே அதை முதலில் படியுங்கள். அவர்கள் ‘கேஸ் மேனேஜ்மென்ட்’ என்று எழுதியிருந்தால் நீங்களும் அந்தச் சொல்லையே போடுங்கள். நீங்கள் செய்த வீட்டுச் சந்திப்பும் தொடர் கவனிப்பும் அதுதான், ஆனால் படிப்பவர் ஊகித்துக்கொள்வார் என்று விட்டுவிடக் கூடாது. ‘சிறுவயது முதலே சேவை செய்ய ஆசை’ என்ற முதல் பத்தியை அப்படியே எடுத்துவிடுங்கள்.

ஐ.நா. செயலகத்தின் இணையவழி விண்ணப்பத் தளமான இன்ஸ்பிராவில், படிவத்தில் நீங்கள் நிரப்பியதை வைத்துத்தான் மதிப்பிடுவார்கள். அதனால் ஒவ்வொரு பழைய வேலைக்கும் மாதம், வருடம் போட்டு, செய்ததை விரிவாக எழுதுங்கள். கடைசி நேரம் நியூயார்க் கணக்கில் இரவு 11:59, நமக்கு மறுநாள் காலை. ஆனால் அதை நம்பி உட்காராமல் இரண்டு நாள் முன்னதாகவே அனுப்பிவிடுங்கள்.

அப்புறம் அந்த ஏஜென்ட். ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். விண்ணப்பம், நேர்முகம், பயிற்சி என்று எந்தக் கட்டத்திலும் ஐ.நா. பணம் வாங்குவதில்லை. ஏற்கெனவே சான்றிதழ் நகல்களைக் கொடுத்திருந்தால் இன்றே அவரிடம் எழுத்தில் கேட்டுத் திரும்ப வாங்குங்கள். தராவிட்டாலோ பணம் கேட்டு மிரட்டினாலோ காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள்.