முதல் மோட்டார் சைக்கிள்: அண்ணன் சொல்வதா, அப்பா சொல்வதா?

கேள்வி: எனக்கு வயது 19. பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட்டை ஒட்டிய செம்பனைத் தோட்டம் ஒன்றில் வசிக்கிறேன். ஈப்போ செல்லும் வழியிலுள்ள தொழிற்சாலையில் ஷிப்டு வேலை கிடைத்திருக்கிறது. மோட்டார் சைக்கிளுக்கான பி2 லைசன்ஸ் அண்மையில்தான் எடுத்தேன். யமஹா ஒய்15 வாங்கச் சொல்கிறார் அண்ணன்; ஹோண்டா இஎக்ஸ்5 போதும் என்கிறார் அப்பா; பெண்களுக்கு ஸ்கூட்டர்தான் வசதி என்கிறாள் தோழி. நான் ஐந்தடிக்கும் சற்றுக் குறைவான உயரம். எதை வாங்குவது?
– வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: நான் உங்கள் அப்பாவின் பக்கம் சாய்கிறேன். அவர் சிக்கனம் கருதிச் சொல்லியிருக்கலாம். எனக்கு உங்கள் சாலைதான் காரணம். வீட்டிலிருந்து பெரிய சாலையை அடையும் வரை செம்மண்ணும் சரளையும் இருக்கும். மழைக்காலத்தில் லாரிச் சக்கரங்கள் பறித்த பள்ளங்களில் நீர் தேங்கும். குலை ஏற்றிய லாரியிலிருந்து உதிர்ந்த செம்பனைப் பழங்கள் நசுங்கிக் கிடக்கும் இடத்தில் டயர் வழுக்கும். அதைத் தாண்டியதும் முதலாவது கூட்டரசு சாலையில் கனரக லாரிகளுக்கு நடுவே செல்ல வேண்டியிருக்கும். இரண்டுக்கும் ஈடுகொடுக்கும் வண்டி கப்சாய்தான், அதாவது இஎக்ஸ்5 போன்ற கைக் கிளட்ச் இல்லாத சிறு மோட்டார் சைக்கிள்.

கப்சாயின் 17 அங்குலச் சக்கரம் பள்ளங்களை எளிதாகக் கடக்கும். இஎக்ஸ்5 ஏறத்தாழ 110 சிசி. நான்கு கியர் உண்டு, கையால் பிடிக்கும் கிளட்ச் கிடையாது. ஆகவே புதிதாக ஓட்டுபவரின் கவனம் முழுவதும் சாலையில் இருக்கும். இறக்கத்தில் கியரைக் குறைத்தால் என்ஜினே வேகத்தைப் பிடித்து நிறுத்த உதவும். எடை ஏறத்தாழ 100 கிலோதான் என்பதால், சரளையில் சரிந்தாலும் ஒருவராகவே நிமிர்த்திவிடலாம். இதில் எனக்குள்ள ஒரே தயக்கம் முன்சக்கரத்து டிரம் பிரேக். உங்கள் பயணத்தில் பெரும்பகுதி கூட்டரசு சாலையில் என்றால், முன்புறம் டிஸ்க் பிரேக் உள்ள ஹோண்டா வேவ் 125 போன்ற கப்சாயையும் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

ஸ்கூட்டர் பட்டணத்துக்கு நல்லது. ஆனால் அதன் சிறிய சக்கரம் தோட்டத்துப் பள்ளத்தில் இறங்கினால் கைப்பிடி உதறும். வண்டிக்கு ஆண், பெண் என்ற பேதம் தெரியாது. ஓட்டுபவரின் கால் எட்டுகிறதா என்பதே கணக்கு. கடையில் ஏறி அமர்ந்து, இரு பாதங்களும் உறுதியாகத் தரையில் ஊன்றுகின்றனவா என்றும், அமர்ந்தபடியே வண்டியைப் பின்னுக்குத் தள்ள முடிகிறதா என்றும் பாருங்கள். வேலை முடிந்த களைப்பில் நிறுத்துமிடத்திலிருந்து வண்டியை எடுக்கும்போது இதன் அருமை தெரியும்.

ஒய்15 நல்ல வண்டிதான். ஆனால் 150 சிசி வேகமும், கைக் கிளட்சும், ஐந்து கியரும் ஓட்டிப் பழகிய கைக்கு உரியவை. விலையும் இஎக்ஸ்5-ஐவிட வெகுவாகக் கூடுதல். சாலை வரியில் இரண்டுக்கும் வேறுபாடு இல்லை. ஒய்15 மீது விழும் திருடர்களின் கண்தான் பெரிய செலவு, ஏனெனில் பிறருக்கு நேரும் சேதத்தை மட்டும் ஈடுசெய்யும் மூன்றாம் தரப்புக் காப்புறுதி திருட்டுக்கு இழப்பீடு தராது. (அண்ணன் வார இறுதியில் இரவல் கேட்கும் எண்ணத்தில் இருக்கிறாரா என்பதையும் விசாரித்துக்கொள்ளுங்கள்.)

பழைய வண்டி என்றால், என்ஜின் எண்ணும் சேசிஸ் எண்ணும் கிரானில் (வண்டியின் பதிவு ஆவணம்) உள்ளவற்றோடு ஒத்துப்போகின்றனவா, அதன்மீது வங்கிக் கடன் பாக்கி உள்ளதா என்று பார்த்த பிறகே பணம் கொடுங்கள். பெயர் மாற்றத்தைச் சாலைப் போக்குவரத்து இலாகாவான ஜே.பி.ஜே.யில் உடனே முடித்துவிடுங்கள். புகைபோக்கியை மாற்றி இரைச்சல் எழுப்பி ஓட்டிய வண்டியைத் தொடவே வேண்டாம். மிஞ்சும் பணத்தில் சிரிம் தர முத்திரை உள்ள தலைக்கவசமும் நல்ல டயரும் வாங்குங்கள். பகலிலும் முன்விளக்கு எரிய வேண்டும் என்பது 1992 முதல் மலேசியாவில் சட்டம். பழைய வண்டியில் அந்த விளக்கு ஒழுங்காக எரிகிறதா என்று பாருங்கள். இரவு ஷிப்டு தொடங்குமுன் அதே பாதையில் பகலில் பலமுறை ஓட்டிப் பழகுங்கள். செம்மண்ணில் முன்பிரேக்கைச் சட்டென்று இறுக்க வேண்டாம். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிடுங்கள்.

கேள்வி: என் மகனுக்கு 16 வயது. பி2 லைசன்ஸில் 250 சிசி வரை ஓட்டலாமாமே? நண்பர் ஒருவர் தம் 200 சிசி வண்டியைக் குறைந்த விலைக்குத் தருகிறார். வாங்கலாமா?
– வாசகர், தாப்பா

பதில்: ஓட்டலாம் என்பது சட்டப்படி சரி. ஆனால் அத்தகைய வண்டி பெரும்பாலும் 140 கிலோவைத் தாண்டும். மெதுவாகத் திரும்பும்போது அது சாய்ந்தால் பதினாறு வயதுக் கால் தாங்காது. புதிய ஓட்டுநருக்கான ‘பி’ ஒட்டிய இரண்டு ஆண்டுகளைக் கப்சாயில் கழிக்கட்டும். அதற்குள் அந்த நண்பர் வேறு வண்டி மாற்றியிருப்பார். அப்போது பேரம் பேசிக்கொள்ளுங்கள்.